எழுதியாச்சு எண்டு சொன்னது ஆர்? வன்தட்டுகளின் வேகத்தைப் பற்றிய ஒரு வரலாறு

கணினியில் ஒரு கோப்பைச் சேமிக்கிறோம். கண் வெட்டுற நேரத்துக்குள்ள 'சேமிக்கப்பட்டது' எண்டு பதில் வருது. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் எங்களுடைய ஒப்படைகளும் ஆய்வேடுகளும் குடும்பப் படங்களும் ஊர்ப் பெரியவர்களிடம் எடுத்த பேட்டிகளும் கிடக்கின்றன. ஆனால் அந்தப் பதில் வருகிற கணத்தில் நாங்கள் எழுதினது உண்மையில் எங்கே இருக்கிறது என்று நாங்கள் கேட்பதில்லை. கடையில் வன்தட்டு வாங்கப் போனாலும் எங்களிடம் இரண்டே இரண்டு கேள்விதான்: எத்தனை ஜிபி, எவ்வளவு வேகம்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியின் வரலாறு. கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இது தேவையில்லாத வேலை எண்டு சிலர் நினைக்கக்கூடும். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஓலையில் எப்படி எழுதினார்கள், அது எத்தனை வருடம் தாங்கும், ஏன் திரும்பத் திரும்பப் படியெடுத்தார்கள் என்பதெல்லாம் வரலாற்று மாணவர் படிக்கிற விசயம். நாளைக்கு எங்களைப் பற்றி எழுதப்போகிறவர்களுக்கு ஓலையும் தாளும் கிடைக்காது, தட்டுத்தான் கிடைக்கும். அது எப்படி எழுதுகிறது, எப்போது எழுதினதாகச் சொல்கிறது என்பதும் மூலாதாரத்தைப் பற்றிய கேள்விதானே.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். எழுதும் வேகத்தைக் கூட்ட எடுத்த ஒவ்வொரு முயற்சிக்கும் வேறெங்கோ ஒரு விலை கொடுபட்டிருக்கிறது. அந்த விலை பலமுறை 'எழுதியாச்சு' என்ற சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. ஆகவே இரண்டு சேமிப்பு அமைப்புகளை வேகத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால், அது அரைவாசி ஒப்பீடுதான்.

ஐம்பது தட்டுகளும் ஒரு கையும்

1956இல் ஐபிஎம் நிறுவனம் 305 ராமாக் என்ற கணினியை வெளியிட்டது. அதனோடு வந்த 350 என்ற சேமிப்பு அலகுதான் வணிக ரீதியில் விற்கப்பட்ட முதலாவது வன்தட்டு. கலிபோர்னியாவின் சான் ஹொசேயில் ரெனோல்ட் ஜோன்சன் தலைமையிலான குழு அதை உருவாக்கியது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. நிறை ஏறத்தாழ ஒரு தொன். இவ்வளவும் சேர்ந்து கொள்ளக்கூடியது 50 இலட்சம் எழுத்துகள். இன்றைக்கு போனில் எடுக்கிற ஒரு நல்ல படத்துக்கே அது காணாது.

அதற்கு முதல் இருந்தவை துளையட்டைகளும் காந்த நாடாவும். நாடாவின் நடுவில் இருக்கிற ஒரு வாடிக்கையாளரின் கணக்கை மாற்ற வேண்டுமென்றால் முழு நாடாவையும் உருட்ட வேண்டும். தட்டில் அப்படியில்லை, நேராக அந்த இடத்துக்கே போகலாம். ராமாக்கில் ஒரே ஒரு கை மேலும் கீழும் ஏறி இறங்கி, தேவையான தட்டுக்குள் நுழைந்து, தேவையான தடத்தில் நிற்கும். இதற்குச் சராசரியாக 600 மில்லிசெக்கன், அதாவது அரைச் செக்கனுக்குக் கொஞ்சம் மேல் எடுத்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய பாய்ச்சல்.

அப்போது தொடங்கி இன்றுவரை சுழலும் தட்டில் எழுதுவதற்கு மூன்று காத்திருப்புகள் இருக்கின்றன. பஸ்ஸில் போகிறதை நினைத்துப் பாருங்கோ. முதலில் தரிப்பிடத்துக்கு நடக்க வேண்டும்: இது கை சரியான தடத்துக்கு நகரும் நேரம். பிறகு பஸ் வரும்வரை நிற்க வேண்டும்: இது தேவையான இடம் சுழன்று தலைக்குக் கீழே வரும் நேரம். கடைசியில்தான் பயணம்: இது உண்மையில் எழுதுகிற நேரம். சின்னச் சின்ன எழுத்து வேலைகளில் பயணத்தை விட நடையும் காத்திருப்பும்தான் அதிகம்.

இன்று சாதாரணமாகக் கிடைக்கிற வன்தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன், சராசரிக் காத்திருப்பு அதில் பாதி. கை நகர இன்னொரு 8 அல்லது 9 மில்லிசெக்கன். ஆக ஒவ்வொரு எழுத்துக்கும் 12, 13 மில்லிசெக்கன் போகிறது. தட்டின் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதினால் செக்கனுக்கு ஏறத்தாழ 80 தடவைதான் எழுதலாம். ஒவ்வொரு முறையும் 4 கிலோபைட் என்றால் செக்கனுக்கு 320 கிலோபைட். அதே தட்டில் ஒரே நீட்டாக ஒரு வீடியோவை எழுதினால் செக்கனுக்கு 150 மெகாபைட்டைத் தாண்டும். ஒரே தட்டு, ஒரே நாள், இரண்டு எண்களுக்கும் இடையில் 400 மடங்குக்கு மேல் வித்தியாசம். விளம்பரத்தில் எந்த எண் போடப்படும் எண்டு சொல்லத் தேவையில்லை.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். ராமாக்கின் தட்டு நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றது. அதிலிருந்து 7,200க்கு வர 6 மடங்கு. சேர்வர்களுக்கென்று செய்த 15,000 சுற்றுத் தட்டை எடுத்தாலும் 13 மடங்கைத் தாண்டவில்லை. அதே காலத்தில் கொள்ளளவு பல இலட்சம் மடங்கு கூடிவிட்டது. தட்டு பெருத்த அளவுக்கு அதன் கை வேகப்படவில்லை. இதற்குப் பிறகு வந்த கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் இந்த இடைவெளியைச் சமாளிக்க எடுத்த வழிகள்தான்.

பெரிய ஒன்றா, சின்னப் பலவா

1980களில் பெரிய நிறுவனங்கள் பெரிய தட்டுகளை வாங்கின. ஐபிஎம் 3380 தட்டுகள் 14 அங்குல விட்டம் கொண்டவை, அந்த வரிசையின் ஒரு மாதிரி 7.5 ஜிபி கொள்ளும். மறுபக்கம் தனிநபர் கணினிகளுக்கென்று 3.5 அங்குலச் சின்னத் தட்டுகள் மலிவாக வரத் தொடங்கின. கோனர் நிறுவனத்தின் சிபி3100 அப்படியொன்று. கொள்ளளவு 100 மெகாபைட். 75 சின்னத் தட்டுகளைச் சேர்த்தால் ஒரு பெரிய தட்டின் கொள்ளளவு வந்துவிடும். அதோடு ஒரு சில கைகளுக்குப் பதில் 75 கைகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், ரண்டி காட்ஸ் மூன்று பேரும் இந்த ஒப்பீட்டை எடுத்து 1988இல் ஒரு ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்கள். அதில்தான் 'ரெய்ட்' என்ற பெயர் வந்தது. மலிவான தட்டுகளின் மிகைப்பட்ட அணி என்பது அதன் பொருள். பிறகு தட்டு விற்கிற நிறுவனங்கள் 'மலிவான' என்பதை விலத்திப்போட்டு, அதே எழுத்தில் தொடங்குகிற 'சுயாதீனமான' என்ற சொல்லைப் புகுத்தின. விலை கூட்டி விற்கிற பொருளுக்குப் பெயரிலேயே மலிவு எண்டு இருந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? சொற்களின் வரலாற்றைப் படிக்கிற எங்களுக்கு இது ஒரு நல்ல உதாரணம்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு தட்டு சராசரியாக 30,000 மணித்தியாலம் தாங்கும் என்று வைத்தால், 100 தட்டுகளில் ஏதாவது ஒன்று பழுதாக 300 மணித்தியாலம் போதும். அது இரண்டு கிழமைக்கும் குறைவு. வேகத்துக்காகத் தட்டுகளைச் சேர்த்தால் இழப்பும் சேர்ந்து வருது. ஆகவே மேலதிகமாக எதையாவது எழுதி வைத்தே ஆக வேண்டும். அந்த மேலதிகத்தை எப்படி எழுதுவது என்பதில்தான் ரெய்ட்டின் வெவ்வேறு மட்டங்கள் பிரிகின்றன.

நேரான வழி இரட்டைப் பிரதி. எல்லாவற்றையும் இரண்டு தட்டில் எழுது. இது ரெய்ட் 1. பெர்க்லிக்காரர் கண்டுபிடித்ததல்ல, அதற்கு முன்னரே நடைமுறையில் இருந்தது. விலை: அரைவாசி இடம் போய்விடும்.

மற்ற வழி கூட்டுத்தொகை. மூன்று தட்டில் 3, 5, 2 என்று எழுதியிருக்கிறோம், நாலாவதில் கூட்டுத்தொகை 10 என்று வைத்துக்கொள்ளுங்கோ. எந்த ஒரு தட்டு போனாலும் மிச்சத்தை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம். கணினி உண்மையில் செய்வது கூட்டல் அல்ல, எக்ஸ்ஓஆர் என்ற ஒரு செயல். ஆனால் தர்க்கம் இதுதான். இந்தக் கூட்டுத்தொகையை ஒரே தட்டில் வைத்தால் அது ரெய்ட் 4. எல்லா எழுத்தும் அந்த ஒரு தட்டில் வந்து வரிசையில் நிற்கும். கூட்டுத்தொகைகளை எல்லாத் தட்டுகளுக்கும் பங்கிட்டால் ரெய்ட் 5.

இப்போது அந்த 5ஐ 7 ஆக மாற்ற வேண்டும். கூட்டுத்தொகையும் மாற வேண்டுமே. பழைய 5ஐ வாசி, பழைய 10ஐ வாசி, புதிய 7ஐ எழுது, புதிய 12ஐ எழுது. ஒரு சின்ன மாற்றத்துக்கு நாலு வேலை. ரெய்ட் 5இன் எழுதும் வேகம் பற்றி அன்றிலிருந்து இன்றுவரை நடக்கிற சண்டை எல்லாம் இந்த நாலில்தான் தொடங்குது.

அதே நாலு தட்டு, தலைகீழான விடை

மேலே சொன்ன 7,200 சுற்றுத் தட்டுகள் நாலை எடுப்போம். ஒவ்வொன்றும் செக்கனுக்கு 80 சின்ன எழுத்துகள். நாலுக்கும் 320.

எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் பிரித்து எழுதினால் (இதைத்தான் பிறகு ரெய்ட் 0 என்றார்கள்) முழு 320உம் கிடைக்கும். ஒரு தட்டு போனால் எல்லாம் போச்சு. இரட்டைப் பிரதியோடு பிரித்து எழுதினால், அதாவது ரெய்ட் 10 ஆக வைத்தால், ஒவ்வொன்றையும் இரண்டு தரம் எழுதுவதால் 160. ரெய்ட் 5இல் நாலு வேலை என்பதால் 80. இரண்டு தட்டு ஒரே நேரத்தில் போனாலும் தாங்குகிற ரெய்ட் 6இல் சின்ன எழுத்துக்கு ஆறு வேலை, ஆக 53. கவனியுங்கோ: நாலு தட்டு வாங்கி ரெய்ட் 5 ஆக்கினால் சின்ன எழுத்தில் கிடைப்பது ஒரு தட்டின் வேகம்.

அதே நாலு தட்டில் பெரிய வீடியோக் கோப்பை ஒரே நீட்டாக எழுதிப் பாருங்கோ. மூன்று எண்களையும் ஒரேயடியாக எழுதும்போது பழையதை வாசிக்கத் தேவையில்லை, கூட்டுத்தொகையைக் கையோடு கணக்குப் பார்த்து எழுதிவிடலாம். ரெய்ட் 5 மூன்று தட்டின் வேகத்தைத் தரும். ரெய்ட் 10 இரண்டு தட்டின் வேகத்தைத்தான் தரும். ஒழுங்கு தலைகீழாகிவிட்டது. அதோடு ரெய்ட் 5இல் மூன்று தட்டின் இடம் கிடைக்கும், ரெய்ட் 10இல் இரண்டுதான்.

ஆகவே 'எது வேகம்' என்ற கேள்விக்கு விடையில்லை. 'என்ன எழுதப்போகிறோம்' என்று முதலில் கேட்டால்தான் விடை வரும். வங்கியின் கணக்குப் புத்தகமும் பேட்டிகளின் களஞ்சியமும் ஒரே மாதிரி எழுதுவதில்லை.

தாளில் போட்ட கணக்கு நடைமுறையில் அப்படியே வரும் எண்டும் இல்லை. பெர்க்லியில் முதலில் கட்டிய ரெய்ட் 1 மாதிரி அமைப்பில் (இது மட்டம் அல்ல, அவர்களின் முதலாவது முன்மாதிரி) ஒரு சன் 4/280 கணினியோடு 28 தட்டுகள் இணைக்கப்பட்டன. சின்ன வேலைகளை அது நன்றாகவே செய்தது. ஆனால் பெரிய கோப்புகளில் பயனரின் நிரலுக்குக் கிடைத்த வேகம் கூடினபட்சம் செக்கனுக்கு 2.3 மெகாபைட். அதில் இருந்த ஒரு தனித் தட்டே 1.3 மெகாபைட் தரக்கூடியது. 28 தட்டு சேர்ந்தும் இரண்டு தட்டின் வேகம் வரவில்லை. தட்டுகளில் பிழையில்லை. அவற்றை ஓட்டிய கணினியின் நினைவகத்தாலும் உள்வழிகளாலும் அவ்வளவு தரவைக் கடத்த முடியவில்லை. அதனால் இரண்டாவது முன்மாதிரியில் தரவு அந்தக் கணினியின் நினைவகத்தைச் சுற்றிப் போக ஒரு தனிப் பாதை கட்டினார்கள். அகலமான றோட்டின் முடிவில் ஒற்றைப் பாலம் இருந்தால் என்ன நடக்கும் எண்டு எங்களுக்கும் தெரியும்தானே.

நாளேடும் பேரேடும்

அதே பெர்க்லியில் இன்னொரு குழு வேறு பக்கத்திலிருந்து யோசித்தது. மெண்டல் ரோசன்ப்ளமும் ஜோன் ஊஸ்டர்ஹவுட்டும் 1991இல் வெளியிட்ட ஆய்வு, தட்டுகளின் எண்ணிக்கையைத் தொடவேயில்லை, எழுதும் முறையை மாற்றியது. உயர்தரத்தில் கணக்கியல் படித்தவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் பேரேட்டில் உரிய பக்கத்தைத் தேடிப் போகாமல், நாளேட்டில் வந்த ஒழுங்கில் கீழே கீழே எழுதிக்கொண்டு போகலாம். தட்டும் அப்படியே செய்யட்டும் என்றார்கள். பழையதை அதே இடத்தில் அழித்து எழுதாதே. புதியதை எப்போதும் கடைசியில் சேர். அப்போது கை நடக்கத் தேவையில்லை, பஸ்ஸுக்கு நிற்கத் தேவையில்லை.

வழமையான யுனிக்ஸ் கோப்பு முறைகள் தட்டின் எழுதும் திறனில் 5 தொடக்கம் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகின்றன, தங்களுடையது 70 சதவீதம் வரை பயன்படுத்தும் என்று அவர்கள் காட்டினார்கள். விலை என்ன? நாளேடு நிறைந்துகொண்டே போகும். செத்துப்போன பழைய வரிகளைத் துப்புரவாக்கி இடம் எடுக்க, பின்னால் ஒரு வேலை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டு நிறைய நிறைய அந்த வேலை கூடும். இதை ஞாபகம் வைத்திருங்கோ, எஸ்எஸ்டிக்குள் இது திரும்ப வரும்.

மின்சாரம் போகிற நேரம்

எல்லாவற்றையும் விட இலகுவான வேகம் ஒன்று இருக்கிறது: எழுதாமலே எழுதியாச்சு எண்டு சொல்லுறது. கேட்க மோசடி மாதிரி இருக்கும், ஆனால் ஏறத்தாழ எல்லாக் கணினியும் இதைத்தான் செய்கிறது. தரவை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, நிரலுக்கு 'சரி' என்று சொல்லிவிட்டு, பிறகு ஆறுதலாகத் தட்டுக்கு அனுப்பும். பழைய யுனிக்ஸில் 30 செக்கனுக்கு ஒருமுறை அனுப்புகிற வழக்கம் இருந்தது. பென் டிரைவில் பெரிய கோப்பைப் போடும்போது 100 சதவீதம் என்று காட்டிய பிறகும், பாதுகாப்பாகக் கழற்றக் கேட்டால் கனநேரம் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். உண்மையான எழுத்து அந்த நேரத்தில்தான் நடக்குது.

1983இல் வெளியான பெர்க்லி யுனிக்ஸின் 4.2 பதிப்பில் 'எஃப்சிங்க்' என்ற கட்டளை வந்தது. 'சாட்டுச் சொல்லாதே, தட்டில் உண்மையாக எழுதிவிட்டு வந்து சொல்' என்பதுதான் அதன் பொருள். தரவுத்தளங்கள் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் இதைத்தான் கேட்கின்றன. எஃப்சிங்க் இல்லாமல் அளந்தால் ஒரு மலிவுத் தட்டும் பறக்கும். அந்த எண் தட்டின் வேகத்தைக் காட்டுவதில்லை, நினைவகத்தின் வேகத்தைத்தான் காட்டுகிறது.

2022 மார்ச் கடைசியில் எங்கள் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. இந்த 'பிறகு எழுதுறன்' என்ற வாக்குறுதியின் பலவீனத்தை விளக்க அதை விடப் பெரிய உதாரணம் தேவையில்லை. மின்சாரம் போனால் நினைவகத்தில் இருந்தது போகும். இது தெரிந்துதான் ரெய்ட் கட்டுப்படுத்திகளில் மின்கலத்தோடு கூடிய நினைவகம் வைத்தார்கள். மின்சாரம் வரும்வரை அது தரவைக் காப்பாற்றும். அந்த மின்கலம் பழுதானால் பல கட்டுப்படுத்திகள் தாங்களாகவே மெதுவான, நேர்மையான முறைக்கு மாறிவிடும். நேற்று வேகமாக இருந்த சேர்வர் இன்று ஊர்ந்தால் காரணம் சிலவேளை இதுவாகவும் இருக்கும்.

ரெய்ட் 5இல் மின்வெட்டுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. 5ஐ 7 ஆக எழுதியாச்சு, கூட்டுத்தொகையை 12 ஆக மாற்ற முதல் மின்சாரம் போச்சு. இப்போது தட்டுகளில் 3, 7, 2, கூட்டுத்தொகை 10. யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்து 3 இருந்த தட்டு பழுதாகிறது. மிச்சத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால் 1 வரும். அன்றைக்கு யாரும் தொடாத கோப்பு ஒன்று பிழையாகத் திரும்பி வருது. இதை 'எழுத்துத் துளை' என்கிறார்கள். சன் நிறுவனம் 2005இல் வெளியிட்ட இசட்எஃப்எஸ் கோப்பு முறை, பழைய இடத்தில் அழித்து எழுதாமல் புதிய இடத்தில் எழுதுவதன் மூலம் இந்தத் துளையை அடைத்தது.

எஃப்சிங்க் மீதான நம்பிக்கையும் முழுமையானதாக இருக்கவில்லை. 2018இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குகிறவர்கள் ஒரு விசயத்தைக் கண்டார்கள். லினக்ஸில் ஒரு எழுத்து தோல்வியடைந்தால் எஃப்சிங்க் ஒருமுறை பிழை சொல்லும். திரும்பக் கேட்டால், அந்தத் தரவு தட்டுக்குப் போகாமலே 'சரி' என்று சொல்லிவிடக்கூடும். பல வருடமாக நம்பியிருந்த பதில் அது. அதற்குப் பிறகு, எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே தரவுத்தளத்தை நிறுத்திவிட்டுத் தன் பதிவேட்டிலிருந்து மீளக் கட்டும்படி போஸ்ட்கிரெஸை மாற்றினார்கள்.

சிலேட்டை முழுதாகத் துடைக்கிற எஸ்எஸ்டி

தோஷிபாவில் வேலை செய்த புஜியோ மசுவோகா 1987இல் நாண்ட் பிளாஷ் நினைவகத்தை அறிமுகப்படுத்தினார். எஸ்எஸ்டியும் பென் டிரைவும் போன் நினைவகமும் இதன் பிள்ளைகள். கையில்லை, சுழற்சியில்லை. சாதாரண எஸ்எஸ்டியே செக்கனுக்குப் பல்லாயிரம் சின்ன எழுத்துகளைத் தாங்கும். 80 எங்கே, பல்லாயிரம் எங்கே.

ஆனால் பிளாஷுக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது. எழுதின இடத்தில் மேலால் எழுத முடியாது, முதலில் அழிக்க வேண்டும். எழுதுவது சில கிலோபைட் பக்கமாக, அழிப்பது அதைவிடப் பல மடங்கு பெரிய தொகுதியாக. ஒரு எழுத்தை மாற்ற முழுச் சிலேட்டையும் துடைக்க வேண்டிய நிலை. ஆகவே எஸ்எஸ்டிக்குள் இருக்கிற கட்டுப்படுத்தி நாளேட்டு முறையைக் கையாள்கிறது: புதியதைப் புதிய இடத்தில் எழுது, பழையதைப் பிறகு துப்புரவாக்கு. ரோசன்ப்ளமும் ஊஸ்டர்ஹவுட்டும் சொன்ன வழியும் அதன் விலையும் இரண்டும் சேர்ந்து வந்திருக்கு. நிறைந்த எஸ்எஸ்டி மெதுவாகும். நாங்கள் எழுதச் சொன்னதை விட உள்ளே அதிகம் எழுதப்படும், ஆயுளும் அதற்கேற்பக் குறையும்.

மலிவு எஸ்எஸ்டிகளில் இன்னொரு ஏற்பாடு. முதல் சில ஜிபிகளை வேகமான ஒரு பகுதியில் வாங்கிவைக்கும். அது நிறைந்த பிறகு உண்மை வேகம் தெரியும். சில மாதிரிகள் சுழலும் வன்தட்டை விடக் கீழே இறங்குகின்றன. ஒரு நிமிடச் சோதனையில் இது பிடிபடாது.

மின்வெட்டை எஸ்எஸ்டி எப்படித் தாங்கும்? 2013இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகமும் எச்பி ஆய்வுகூடமும் சேர்ந்த ஆய்வாளர் குழு ஒன்று 15 எஸ்எஸ்டிகளை எடுத்து, எழுதிக்கொண்டிருக்கும்போது திரும்பத் திரும்ப மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்தது. 15இல் 13 ஏதோ ஒரு வகையில் பிழைத்தன: அரைகுறை எழுத்து, ஒழுங்கு மாறிய எழுத்து, சிதைந்த தரவு, முழுதாகவே செயலிழந்த தட்டு. வேக ஒப்பீட்டு அட்டவணைகளில் இதற்கு ஒரு நிரல் இருப்பதை நாங்கள் அனேகமாகக் காண்பதில்லை.

பெட்டியில் எழுதாதது

சுழலும் தட்டின் கதையும் முடியவில்லை. கூடுதல் தரவைப் புகுத்த, தடங்களை ஓட்டுக்கூரையின் ஓடுகள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று படியும்படி எழுதும் முறை வந்தது. வாசிக்கச் சிக்கலில்லை. நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையும் திரும்ப அடுக்க வேண்டும். 2020 ஏப்ரலில், வீட்டுச் சேர்வர்களுக்கென்று விற்ற தன் சிவப்பு வரிசைத் தட்டுகள் சிலவற்றில் இந்த முறை இருப்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதுவரை விபரக்குறிப்பில் அது இருக்கவில்லை. ரெய்ட் அமைப்பில் ஒரு தட்டு பழுதாகிப் புதியதைப் போட்டு மீளக் கட்டும்போதுதான் பயனர்கள் சிக்கலைக் கண்டார்கள். மிச்சத் தட்டுகளில் இன்னொன்று போகக்கூடிய ஆபத்தான நேரம் அதுதான். அந்த நேரத்தில்தான் இந்தத் தட்டுகள் மிகவும் மெதுவாக எழுதின.

அப்ப எப்படி ஒப்பிடுறது

இந்த வரலாற்றிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்விகள் நாலு. அளந்தது சின்ன எழுத்தையா, நீட்டு எழுத்தையா? 'எழுதியாச்சு' என்று சொன்ன கணத்தில் தரவு எங்கே இருந்தது, நினைவகத்திலா, மின்கலம் உள்ள கட்டுப்படுத்தியிலா, தட்டிலா? சோதனை எவ்வளவு நேரம் ஓடியது, வேகமான பகுதி நிறைந்த பிறகும் ஓடியதா? ஒரு தட்டு பழுதான நிலையில் வேகம் என்ன, மீளக் கட்ட எவ்வளவு காலம்? இந்த நாலும் இல்லாத அட்டவணை விளம்பரம்தான்.

எங்களைப் போல பேட்டிகளும் படங்களும் பழைய பத்திரிகைப் படிகளும் சேர்க்கிற சின்னக் குழுக்களுக்கு இதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. எங்கள் வேலை பெரும்பாலும் பெரிய கோப்புகளை ஒருமுறை நீட்டாக எழுதிவிட்டுப் பல வருடம் வைத்திருப்பது. அதற்கு மெதுவான தட்டே போதும். வேகத்துக்குக் கொடுக்கிற காசில் இன்னொரு தட்டு வாங்கலாம். அதையும் முதலாவதோடு ஒரே பெட்டியில் வைக்கக்கூடாது. ரெய்ட் ஒரு தட்டின் சாவைத் தாங்கும், கட்டடத்தின் சாவைத் தாங்காது. ஒரே இடத்தில் இருந்த பிரதிகளுக்கு என்ன நடக்கும் என்பதை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த சமூகத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தரத் தேவையில்லை.

ஆகவே பதிவுகளைச் சேமித்தவுடன் தட்டைக் கழற்றி எடுக்காமல், கணினி அனுமதிக்கும்வரை நில்லுங்கோ. பிறகு ஒரு கோப்பையாவது திறந்து கேட்டுப் பாருங்கோ. இரண்டாவது பிரதியை இன்னொரு ஊரில், இன்னொரு ஆளிடம் குடுங்கோ. வருடத்துக்கு ஒருக்கா இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கோ. எழுதியாச்சு எண்டு கணினி சொல்லலாம். திரும்ப வாசித்துப் பார்த்த பிறகு நாங்கள் சொல்லுவம்.